உப்புக் குவியலின் மேல் மரத்தாள்

1

இந்த ஜனவரியோடு நான் பின்லாந்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆய்வகத்தில் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். இந்த ஊரில் இதற்கெல்லாம் பேச்சு, கைதட்டல் எதுவும் கிடையாது. ஆளுக்கொரு துண்டை எடுத்து, காபியோடு நின்றபடியே தின்றுவிட்டு, அவரவர் மேசைக்குப் போய்விடுவார்கள். எங்கள் குழுவின் தலைவி ஐனோ மட்டும் என் பக்கத்தில் வந்து, புதிதாக அச்சாகியிருந்த நிறுவனச் செய்தி மடலை நீட்டினாள். "உன் அக்கா இதில் இருக்கிறாள்" என்றாள்.

இரண்டாம் பக்கத்தில் மரக்காணம். வெள்ளை வெயில், பின்னால் உப்புப் பாத்திகள், நடுவில் நாங்கள் மரத்திலிருந்து செய்த பழுப்பு நிறத் தாள் போர்த்திய உப்புக் குவியல். அதன் பக்கத்தில் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு என் அக்கா குணவதி. புகைப்படம் எடுத்தவள் நான். ஐனோ நகர்ந்த பிறகு அந்தப் பக்கத்தை என் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். அக்காவின் புறங்கையில் உலர்ந்த உப்பு தெரிந்தது. அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது என் மகள் யாழினி அந்த மடலை எடுத்துப் படித்தாள். ஒரு வயதில் இங்கே வந்தவள், இப்போது பதின்மூன்று. பள்ளியில் அவள் பெயர் யாலி. நான் தமிழில் கேட்டால் பின்னிஷில் பதில் சொல்வாள். அவள் அப்பா வேலை நிமித்தம் வேறு நகரத்தில் இருப்பதால் வார நாட்களில் வீட்டில் நாங்கள் இருவர்தான், ஆளுக்கொரு மொழியில்.

படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "அப்படி நடக்கவில்லை" என்று பின்னிஷில் சொன்னாள்.

"எது?"

அவள் விரல் வைத்துக் காட்டினாள். படத்துக்குக் கீழே இரண்டே வரி. உப்பளச் சோதனையில் தாள் கிழிந்தது என்றும், பயன்படுத்தியவர் கயிற்றைச் சரியாகக் கட்டாததே காரணம் என்றும் இருந்தது. என் அறிக்கையிலிருந்து எடுத்த வரிகள்.

"பெரியம்மா நல்லா கட்டினான்" என்றாள் யாழினி. இம்முறை தமிழில்.

பின்னிஷில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். அதனால் அவள் தமிழில் எல்லாப் பெண்களும் ஆண்களாகிவிடுவார்கள். வழக்கமாகத் திருத்துவேன். அன்று திருத்தவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நீ என்ன பாத்த? சொல்லு" என்றேன்.

2

அவள் சொன்னதை எழுதுவதற்கு முன் நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு "பேப்பர் மில்லுல வேல" என்று சுருக்கமாகச் சொல்லிப் பழகிவிட்டேன். அது முழு உண்மை இல்லை.

மரத்தை வேகவைத்துக் காகிதக்கூழ் எடுக்கும்போது கறுப்பாக ஒரு கழிவுத் திரவம் மிஞ்சும். அதில் லிக்னின் என்று ஒரு பொருள் இருக்கிறது. மரத்தை வளையாமல் நிமிர்ந்து நிற்க வைப்பது அதுதான். ஆலைகள் அதைக் காலங்காலமாக எரித்துக்கொண்டிருந்தன. அதையும் மரநாரையும் சேர்த்துத் தாளாக இழுத்து, பெட்ரோலியத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக் தாளுக்கு மாற்றாக்க முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. மரம் மறுபடி வளரும். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த எண்ணெய் மறுபடி ஊறாது.

இந்த வேலைக்கு நான் விண்ணப்பித்தபோது நேர்காணலில் ஏன் இந்தத் துறை என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மரக்காணத்தில் உப்பை வாரிக் குவித்து, மழைக்கு நீலத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். வெயிலும் உப்புக்காற்றும் பட்டு ஒரு வருடத்திற்குள் அது செதில் செதிலாக உதிரும். என் அக்கா உப்பை மூட்டை பிடிக்கும்போது நீலத் துணுக்குகளைப் பொறுக்கிப் போடுவாள். பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் அவள் சோற்றுத் தட்டில் ஒன்று கிடந்தது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மேற்கொண்டு சாப்பிட்டாள். நான் அப்போது புதுச்சேரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன்.

பின்னிஷ் தெரியாத நாளில் இதையெல்லாம் அரைகுறையாகச் சொல்லி வைத்து ஒரு குழப்பம். இவர்கள் மொழியில் 'சுவோலா' என்றால் உப்பு. லகரத்தைக் கொஞ்சம் அழுத்திச் 'சுவோல்லா' என்றால் சதுப்பு நிலத்தில் என்று அர்த்தம். என் அக்கா உப்பில் வேலை செய்கிறாள் என்று நான் சொன்னதை, சதுப்பில் வேலை செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்த நாட்டில் சதுப்பில் போய்ப் பழம் பறிப்பார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் ஐனோ கேட்டாள், உங்கள் ஊரில் என்ன பழம் என்று.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அனுமந்தைக்கும் மரக்காணத்துக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எங்கள் வீடு. அப்பா, அம்மா இருவரும் உப்பளத்தில் இருந்தார்கள். பிறகு அக்கா. என்னை மட்டும் பாத்திக்குள் விட்டதில்லை. "நீ வரப்போட நில்லு" என்பாள். சாப்பாட்டுத் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு, பலகை கட்டிய கழியால் உப்பை இழுக்கும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இங்கே பனியில் பேருந்துக்கு நிற்கும்போது எனக்கு வருவது அந்த முதுகு. முகம் கைபேசியில் தினமும் தெரிகிறது. முதுகை யார் காட்டப்போகிறார்கள்?

3

போன ஜூலையில் நாங்கள் செய்த தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ஆய்வகத்தில் செயற்கை மழை, செயற்கை வெயில் இரண்டிலும் தேறியிருந்தது. உண்மையான உப்பளத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று ஐனோவிடம் கேட்டேன். மூன்று படிவங்கள், இரண்டு கையெழுத்துகளுக்குப் பிறகு சரி என்றாள்.

சென்னை விமான நிலையத்தில் அதிகாரி சுருளைத் தட்டிப் பார்த்தார். "இது இன்னா மேடம்?"

"மரத்துல செஞ்ச ஷீட் சார்."

"மரம்னா வேற கவுன்டர். செடி, விதைக்கெல்லாம் இருக்குது பாருங்க, அங்க போவணும். பிளாஸ்டிக்னு போட்டுக்கட்டா?"

"பிளாஸ்டிக் இல்ல சார். பிளாஸ்டிக்குக்குப் பதிலா."

அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "பதிலான்னு ஒரு கட்டமே இல்லியே மேடம்." கடைசியில் இரக்கப்பட்டு, 'பேக்கிங் பேப்பர்' என்று அவரே எழுதி அனுப்பினார். வெளியே காத்திருந்த அக்காவோடு பேருந்தில், ஐந்து வருட வேலை அப்படித்தான் ஊர் வந்து சேர்ந்தது.

அக்கா வேலை செய்யும் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஏகாம்பரம். அறுபது வயது இருக்கும். தாளை முகர்ந்து பார்த்தார், இழுத்துப் பார்த்தார். "ஓரமா இருக்கற சின்னக் குவியலுக்குப் போட்டுக்கங்க. உங்க அக்காவுக்காகத்தான் சொல்றேன்" என்றார்.

அக்காவும் அவளோடு வேலை செய்யும் நான்கு பெண்களும் சேர்ந்து போர்த்தினார்கள். யாழினி கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தாள். நான் படம் எடுத்தேன், குறிப்பு எழுதினேன். கட்டி முடித்துவிட்டு அக்கா தாளின் ஓரத்தைத் தூக்கி உள்பக்கம் கையால் தடவினாள்.

"மேல வழவழன்னு இருக்குது. அடியில சொரசொரன்னு இருக்குதே."

"மழை மேலதானே விழும்க்கா. அதனால மேல மட்டும் பூச்சு."

"உப்பு வேர்க்குமேடி. விடிகாலைல வந்து பாரு, குவியலே நசநசன்னு இருக்கும்."

அதையும் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதினேனே தவிர, யோசிக்கவில்லை.

4

நாலாம் நாள் நான் திண்டிவனம் போயிருந்தேன். அம்மாவின் இறப்புச் சான்றிதழில் அவள் பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தது. பின்லாந்தில் என் ஆவணங்களில் வேறு மாதிரி. இரண்டும் பொருந்தவில்லை என்று எனக்கு ஒரு காகிதம் இரண்டு வருடமாக நின்றுபோயிருந்தது. அன்று முழுக்க அலுவலக வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். யாழினி அக்காவோடு உப்பளத்துக்குப் போகிறேன் என்றாள். விட்டுவிட்டுப் போனேன்.

இரண்டு மணி வாக்கில் திண்டிவனத்திலேயே வானம் இருட்டியது. ஆடி மாதத்தில் சில நாள் அப்படி வரும். வந்தால் அரை மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும். பேருந்தில் வரும்போது ஜன்னல் வழியே மழையைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. தாளுக்கு நிஜமான சோதனை.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. குவியலில் பாதி இல்லை. கரைந்து வாய்க்காலில் போயிருந்தது. மீதியின் மேல் தாள் நனைந்த அப்பளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா தலை முதல் கால் வரை ஈரம். யாழினி ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கட்டனது சரியில்லடி" என்றாள் அக்கா. "ஒரு பக்கம் முடிச்சு லூசா விட்டுட்டேன். காத்து பூந்துடுச்சி."

"நிஜமாவாக்கா?"

"பின்ன? உன் தாள்ல ஒண்ணும் குத்தம் இல்ல. நல்ல தாளு."

நான் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, நம்புவதற்கு ஆசைப்பட்டேன் என்று சொல்வதே சரி. முடிச்சுகளை நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

திரும்பி வந்து அறிக்கைப் படிவத்தை நிரப்பினேன். தோல்விக்கான காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: பொருள், சூழல், பயன்படுத்திய விதம். மூன்றாவதில் குறியிட்டேன். அதை வைத்துத் தாள் தேறியதாகக் கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்கள்.

கொஞ்ச நாளில் அக்கா உப்பளத்தை விட்டுவிட்டாள். உள்ளே தள்ளி சவுக்குத் தோப்புகளில் பட்டை உரிக்கப் போகிறேன் என்றாள். "உப்புத்தண்ணி காலுக்கு ஒத்துக்கல. இதுவும் மரந்தான, பேப்பர் மில்லுக்குத்தான் லாரி போவுது. நீயும் மரம், நானும் மரம்" என்று சிரித்தாள். அதையும் நம்பினேன்.

5

சமையலறையில் யாழினி பாதி பின்னிஷிலும் பாதி தமிழிலுமாகச் சொன்னது இது.

மழை தொடங்கியதும் எல்லோரும் ஓடி வந்தார்கள். கயிறுகள் இறுக்கமாக இருந்தன. இவள் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. தாளின் நடுவில் தண்ணீர் தேங்கியது. ஒரு காற்று அடித்ததும் நடுப்பகுதி சத்தமே இல்லாமல் பிளந்தது. அக்கா குவியலின் மேல் ஏறிக் குப்புறப் படுத்துவிட்டாள். இரண்டு கைகளையும் விரித்துக் கிழிசலை மூடப் பார்த்தாள். பெண்கள் தார்ப்பாய் எடுத்துவர ஓடினார்கள். வருவதற்குள் கரைந்துவிட்டது. மழை விட்ட பிறகு ஏகாம்பரம் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். நான்கு பெண்களும் நிற்கும்போதே அக்கா, "நாந்தாங்க, முடிச்ச லூசா விட்டுட்டேன்" என்றாள்.

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்கவில்லை" என்றாள் பின்னிஷில். பிறகு, "எனக்குத் தமிழ் புரியாதுன்னு நீ எல்லார்கிட்டயும் சொல்ற" என்றாள் தமிழில். பிழையே இல்லாத வாக்கியம்.

மறுநாள் ஐனோவின் அறைக்குப் போனேன். காரணத்தைத் தவறாகக் குறித்துவிட்டேன், கட்டு சரியாகத்தான் இருந்தது, தாள்தான் கிழிந்தது என்றேன். அறிக்கையைத் திருத்த ஒரு படிவம் உண்டு. திருத்தத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"நடந்ததை எழுது" என்றாள்.

"என் அக்கா என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாள்" என்று எழுதினேன். உறவுமுறைச் சொற்களைப் பின்னிஷில் எழுதும்போது எனக்கு வரும் பிழைகளை ஐனோ பேனாவால் திருத்திக் கொடுத்தாள். குறிப்பேட்டில் அக்கா சொன்ன அந்த வரியையும் காட்டினேன், உப்பு வேர்க்கும் என்றதை. ஐனோ அதை இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொன்னாள்.

அந்த வாரமே தாளுக்குக் கீழே ஈர உப்பை வைத்துப் பார்த்தோம். நாலாம் நாள் கை வைத்ததும் பிய்ந்தது. மேலிருந்து வரும் மழையை மட்டுமே நினைத்து நாங்கள் ஐந்து வருடம் வேலை செய்திருக்கிறோம். திட்டம் ஒரு கட்டம் பின்னால் போனது. திட்டத்தில் எங்களோடு கூட்டுச் சேர்ந்திருந்த நிறுவனத்துக்கு விளக்கக் கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு. இப்போது அடிப்பக்கப் பூச்சில்தான் மூழ்கியிருக்கிறோம்.

6

ஏகாம்பரத்தை அழைத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கால் வலி என்றதெல்லாம் சாக்கு, அவர்தான் நிறுத்தியிருப்பார், அக்காவின் வேலை என்னால்தான் போனது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"நல்லாருக்கீங்களாம்மா" என்றார். சொன்னேன். கேட்டுவிட்டு, "இதச் சொல்லவா போன் பண்ணீங்க? அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்.

"எப்படிங்க?"

"குணவதி கட்டி அவுந்து நான் பாத்ததே இல்ல. அன்னிக்கும் முடிச்செல்லாம் அப்படியேதான் இருந்துது. நடுவுல பிஞ்சிருந்துது."

"அப்ப ஏங்க அக்காவ நிறுத்துனீங்க?"

"நான் எங்கம்மா நிறுத்தனேன்? மறுநாள் ஆள் அனுப்பனேன், உடம்பு முடியலன்னுச்சி. அப்புறம் நானே வூட்டாண்ட போனேன். தோப்புக்குப் போறேன்னு சொல்லிடுச்சி. அது வரலம்மா. நான் வேணாங்கல."

அன்றே அக்காவிடம் கேட்டேன். முதலில் காலைச் சொன்னாள், பிறகு வெயிலைச் சொன்னாள். நான் விடவில்லை.

"பொய் சொல்லிட்டேன்டி" என்றாள் கடைசியில். "அஞ்சலை, மத்த பொம்பளைங்க எல்லாம் நிக்கறாங்க. முடிச்சு அவுரலன்னு அவங்க கண்ணால பாத்தாங்க. ஒருத்தியும் வாயத் தொறக்கல. மறுநாள் எந்த மூஞ்சிய வச்சிகினு அந்தப் பாத்தில எறங்கறது?"

"எதுக்குக்கா சொன்ன?"

"அந்தச் சுருள நீ எப்படிப் புடிச்சிகினு வந்த, பாத்தேனே. பஸ்ல மடியிலயே வச்சிருந்த. அது பிஞ்சிபோச்சின்னு நீ வந்து பாக்கறதுக்குள்ள எனக்கு வேற எதுவும் தோணல."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "சாப்டியா?" என்று கேட்டாள்.

மீண்டும் ஏகாம்பரத்தை அழைத்தேன். இதை அந்தப் பெண்களிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "உங்க தாளு, உங்க அக்கா. நீங்களே சொல்லுங்க. பத்தரைக்கு அவங்க கஞ்சி குடிக்க ஒக்காருவாங்க, போன் போடறேன்" என்றார்.

அங்கே பத்தரை என்றால் இங்கே காலை ஏழு. பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். கையுறையைக் கழற்றிக் கைபேசியை எடுத்தேன். மறுமுனையில் காற்றும் பாத்திரச் சத்தமும் கேட்டன. "பேசுங்கம்மா, எல்லாரும் இருக்காங்க" என்றார் ஏகாம்பரம்.

தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "அன்னிக்கு அக்கா கட்டனது சரிதாங்க. தப்பு என் தாள்லதான். அக்கா எனக்காகப் பொய் சொல்லிடுச்சி" என்றேன்.

யாரோ பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். பிறகு அஞ்சலையின் குரல்.

"எங்களுக்குத் தெரியாதாம்மா? பக்கத்துலதான நின்னோம். தங்கச்சிக்காக ஒரு வார்த்த சொல்லிச்சி, அத நாங்க எதுக்கு ஒடைக்கணும்னு கம்முனு இருந்தோம். அதுக்குப் போயி அது வராமலே இருந்துடும்னு யாரு கண்டா? வரச் சொல்லுங்க. சீசன் தொடங்குது, பாத்தி மிதிச்சி கெட்டிப்படுத்த ஆள் பத்தல."

7

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஆறு மாதங்கள் எனக்கு இங்கே நல்ல மாதங்களாக இருந்தன. அக்கா நிறையப் பேசினாள். தோப்பு வேலை வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான். மற்ற நாட்களில் அவளே அழைப்பாள். நான் பேருந்தில் போகும் நேரம், மதியச் சாப்பாட்டு நேரம் எல்லாம் அவள் குரல்தான். பன்னிரண்டு வருடத்தில் அக்கா எனக்கு இவ்வளவு கிடைத்ததே இல்லை. காலுக்குத் தொந்தரவு வந்ததுகூட ஒரு விதத்தில் நல்லதுதான் என்று ஒருநாள் நினைத்தேன். தனக்குத் தானே போட்டுக்கொண்ட தண்டனையில் பொழுது போகாமல் அவள் பேசியிருக்கிறாள். நான் அதைக் கேட்டுச் சந்தோஷமாக வேலைக்குப் போயிருக்கிறேன்.

அஞ்சலை பேசிய பிறகு இரண்டு நாள் அக்காவிடமிருந்து அழைப்பே வரவில்லை. நானும் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் ஆய்வகத்தின் வாசலில் காலணியிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவள் எண் ஒளிர்ந்தது.

"எறங்கிட்டேன்டி" என்றாள்.

அவள் குரலுக்குப் பின்னால் தண்ணீர் அலம்பும் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டன. கால் எப்படி இருக்கிறது என்று கேட்கலாமா, ஏகாம்பரம் என்ன சொன்னார் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவளே, "ஈரக் கையி, போன் நனையுது. வேல கெடக்குது, வெக்கறேன்" என்றாள்.

வைத்துவிட்டாள். நான் கைபேசியைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.